கலியாணம் வேண்டாம் என்ற பிள்ளையைக் கழிப்புக்கு அழைத்துப் போகாதீர்கள்

மட்டக்களப்பில் ஒரு பிள்ளை முப்பது வயதாகியும் எந்தச் சம்பந்தத்துக்கும் தலையசைக்காவிட்டால், முதலில் சாதகக் குறிப்பு வெளியே வரும். பிறகு செவ்வாய் தோஷம் என்பார்கள். அதுவும் இல்லையென்றால், யாரோ செய்வினை செய்துவிட்டதாகச் சொல்லிக் கழிப்புக் கழிப்பார்கள். படித்த வீடுகளில் ஹோர்மோன் பரிசோதனையும் நடக்கும். பிள்ளையிடம் நிதானமாகக் கேட்பது மட்டும் நடக்காது.

யார் மீதும் பாலீர்ப்பு தோன்றாதவர்கள், அதாவது ஏசெக்சுவல் மனிதர்கள், எங்கும் இருக்கிறார்கள். 2004இல் கனடிய ஆய்வாளர் அந்தனி போகார்ட் வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியாவில் 18,000க்கும் அதிகமானோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் அப்படிக் கூறியிருந்தார். தம்மை ஏசெக்சுவல் என்று அடையாளம் காண்பவருக்கு ஆசைக் குறைபாட்டு நோய் என்று முத்திரை குத்தக் கூடாது என்கிறது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு. முன்பிருந்த நாட்டம் திடீரென்று குறைந்து, அது அவரையே வருத்தினால் வைத்தியரைப் பார்க்கட்டும். அது வேறு விடயம்.

கலியாணம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. நம் பக்கத்தில் மகளுக்கென்று வீடு கட்டுவதும், மருமகன் அங்கே வந்து குடியிருப்பதும் வழமை. களுவாஞ்சிக்குடியிலும் அக்கரைப்பற்றிலும், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதைக் காணலாம். தகப்பன் மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பும் காசில் ஒரு வருடம் கூரை ஏறும், அடுத்த வருடம் ஜன்னல் வரும், பூச்சு வேலை பிறகு நடக்கும். அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மாப்பிள்ளை வந்தால்தான் உறுதி எழுதுவோம் என்பது அநியாயம். மகள் தனியாக வாழ்ந்தாலும் அது அவளுடைய வீடுதான்; அவள் பெயருக்கே எழுதுங்கள். கட்டாயத் திருமணத்தில் அவளோடு, ஒன்றும் அறியாமல் வந்த இன்னொருவரின் வாழ்வும் கெட்டுப்போகிறது.

ஏசெக்சுவல் என்றால் அன்பில்லாதவர் என்று எண்ணாதீர்கள். அவர்களில் பலர் காதலிக்கிறார்கள், துணை தேடுகிறார்கள், குழந்தையும் விரும்புகிறார்கள். காதல் உணர்வே எழாதவர்கள் ஏரோமான்டிக். அவர்களில் சிலருக்குப் பாலீர்ப்பு உண்டு. ஒருவரே ஏசெக்சுவலாகவும் ஏரோமான்டிக்காகவும் இருப்பதும் உண்டு. நோய்ப்பட்ட தோழிக்காக இரவெல்லாம் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்பில்லை என்று யார் சொல்வது? துறவோடும் இதைக் குழப்ப வேண்டாம். துறவு ஒருவர் எடுக்கும் முடிவு, இது இயல்பு.

இவற்றோடு சேர்த்துப் பேசப்படும் ஏஜென்டர் என்பது, ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதைப் பற்றியதே அல்ல. ஆண், பெண் என்ற எந்தப் பாலினமும் தனக்குரியதாகத் தோன்றாத நிலை அது. இலங்கையில் 2016 முதல் வழங்கப்படும் பாலின அங்கீகாரச் சான்றிதழிலும் ஆண் அல்லது பெண் என்ற இரண்டே வழிகள்தான். இவர்களுக்கு அதில் இடமில்லை. வீட்டிலாவது இடம் கொடுக்கலாம். எப்படி அழைக்க வேண்டும் என்று கேளுங்கள். பலருக்குப் 'பிள்ளை' என்பதே போதுமாக இருக்கும்.

நம்பிச் சொன்னதை மாமியிடமோ பெரியம்மாவிடமோ கொண்டுபோகாதீர்கள். தரகர் வந்தால், 'இப்போது பார்க்கவில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.