ரெஸ்யூம் எழுத கம்ப்யூட்டர் வேண்டாம், முதலில் ஒரு வெள்ளைத்தாள் போதும்

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன், ஆள் எடுக்கிற பொறுப்பும் என்னிடம்தான். விளம்பரம் போட்டால் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் ரெஸ்யூம் வரும், அதுவும் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். எதைத் திறந்தாலும் மேலே "சவாலான சூழலில் பணியாற்றி என் திறமையை வளர்க்க விரும்புகிறேன்", கீழே "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்". பல பேர் ஜெராக்ஸ் கடையில் போய்க் கேட்கிறார்கள், அங்கே ஏற்கெனவே இருக்கிற யாரோ ஒருவருடைய ஃபைலைத் திறந்து பெயரையும் மார்க்கையும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு தடவை மேலே ஒரு பெயர், கையெழுத்துப் போடுகிற இடத்தில் வேறு பெயர். அந்தப் பையன் கெட்டிக்காரனாகவே இருந்திருக்கலாம், ஆனால் அவனைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றுமே இல்லை.

அதனால் டைப் அடிக்க உட்காராதீர்கள். ஒரு தாளில், தமிழிலேயே, இதுவரை என்னென்ன வேலை செய்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சம்பளம் வாங்கியது, வாங்காதது எல்லாமே. இங்கிலீஷுக்கு மாற்றுவது கடைசி வேலை, அதற்கு உதவ ஆள் கிடைக்கும், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் தெருவில் பி.காம் முடித்த ஒரு பெண் ரெஸ்யூமைக் காட்டினாள். அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று இருந்தது. பேசிப் பார்த்தால், அம்மாவுடைய சுய உதவிக் குழுவுக்கு 2 வருடமாகக் கணக்கு எழுதுவது அவள்தான். 14 பேருடைய மாதச் சேமிப்பு, வங்கிக் கடன் தவணை, யார் எவ்வளவு பாக்கி எல்லாம் முதலில் நோட்டில், அப்புறம் எக்ஸெல்லில். அது போக தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டிருக்கிறாள், அந்தக் கூட்டத்தில் ராத்திரி கல்லாவில் கணக்கு இடிக்காமல் நேர் செய்து கொடுத்திருக்கிறாள். இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "அது வேலையா அண்ணே?" என்கிறாள். அக்கவுண்ட்ஸுக்கு ஆள் தேடுகிற எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

எழுதும்போது என்ன செய்தீர்கள், எவ்வளவு, எதை வைத்து என்ற மூன்றும் வரட்டும். கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேரான டேலியைப் பற்றி "டேலி தெரியும்" என்பதோடு நிறுத்தினால் அது நூறு பேர் எழுதுவதுதான். எத்தனை மாதம் என்ட்ரி போட்டீர்கள், ஜிஎஸ்டி என்றால் விற்பனை விவரம் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-1 மட்டுமா, வரிச் சுருக்கமான 3பி-யும் சேர்த்தா, ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்தா, சொந்தமாகவா, அதைச் சொல்லுங்கள். ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்கள் "குவாலிட்டி பற்றிய அறிவு" என்று எழுதாமல் வெர்னியர், மைக்ரோமீட்டர் பிடித்து அளந்திருக்கிறேன், ரப்பரின் கடினத்தை அளக்கிற ஷோர் ஹார்ட்னஸ் பார்த்திருக்கிறேன் என்று கருவியின் பெயரோடு எழுதினால் எங்களுக்கு உடனே புரியும். இன்ஜினியரிங் ப்ராஜெக்ட்டை நாலு பேர் சேர்ந்து செய்திருப்பீர்கள், அதில் உங்கள் கை பட்டது எது என்பதுதான் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட் என்றால் தயவுசெய்து போடாதீர்கள், இன்டர்வியூவில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

மேலே இருக்கிற அந்த "சவாலான சூழல்" வரியை எடுத்துவிட்டு, நான் இன்ன படித்தவர், இன்ன வேலை செய்து பழகியவர், இன்ன வேலைக்கு விண்ணப்பிக்கிறேன் என்று இரண்டே வரி எழுதுங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இந்த இரண்டு வரி மாற வேண்டும். விளம்பரத்தில் "இ-வே பில்" (சரக்கு அனுப்பும்போது ஆன்லைனில் போடுகிற ஜிஎஸ்டி ரசீது) என்று கேட்டிருந்து உங்களுக்கு அது தெரியும் என்றால் அதே வார்த்தையைப் போடுங்கள், ஏனென்றால் பெரிய கம்பெனிகளில் பல இடங்களில் ரெஸ்யூமை முதலில் ஒரு சாஃப்ட்வேர் அலசுகிறது, அது வார்த்தையைத்தான் தேடும். பக்கத்தை இடது, வலது என்று இரண்டாகப் பிரித்த டிசைன், கட்டம், நட்சத்திரக் குறி எல்லாம் அதைக் குழப்பிவிடும், சாதாரணமாக மேலிருந்து கீழே போகிற ஒரு பக்கம் போதும்.

மதம், சாதி, அப்பா பெயர், ஆதார் எண், பான் எண் எதுவும் வேண்டாம். யார் யார் போனுக்கெல்லாம் போகப்போகிற தாள் அது. பாட்டுக் கேட்பது பொழுதுபோக்கு என்பதையும் எடுத்துவிடலாம். ஆனால் மொழிகளை விடாதீர்கள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர், நிறைய பேர் அதை எழுதுவதே இல்லை. ஜவுளி வியாபாரத்தில் அதற்கு மதிப்பு இருக்கிறது. வட மாநிலத் தொழிலாளர்கள் இருக்கிற தொழிற்சாலையில் கொஞ்சம் இந்தி பேசத் தெரிந்தால்கூட எங்களுக்குப் பெரிய உதவி.

அரியர் வைத்திருந்தால் மறைக்காதீர்கள், முடித்த வருடத்தைப் போட்டுவிடுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு வருடம் வீட்டில் இருந்தேன் என்றால் அதையும் ஒரு வரியில் எழுதலாம். நடுவில் காரணமில்லாமல் ஒரு வருடம் காணாமல் போனால்தான் சந்தேகம் வரும்.

அப்புறம் பிடிஎஃப் ஆகச் சேமித்து, ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2" என்று வந்தால் நான் மறுபடி தேடும்போது கிடைக்காது. அனுப்பும் முன் போனில் திறந்து, பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, தாளில் இருக்கிற நம்பரைப் பார்த்து வேறு ஒரு போனிலிருந்து அடியுங்கள். போன ஆடியில் ஒரு பெண்ணை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்து கூப்பிட்டேன், ஒரு இலக்கம் தப்பு, மெயிலும் திரும்பி வந்துவிட்டது. மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.