மார்மலேட்: சர்க்கரையைப் போட என்ன அவசரம்?

மார்கழி பிறந்து கமலா ஆரஞ்சு தள்ளுவண்டிக்கு வந்துவிட்டால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். யாராவது ஒருவர் மார்மலேட், அதாவது ஆரஞ்சைத் தோலோடு சர்க்கரையில் காய்ச்சி உறையவைக்கும் பண்டம், செய்யப் போய்ச் சட்டியும் கரண்டியுமாக நின்றுகொண்டிருப்பார். வருஷா வருஷம் ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. நான் பழகின காலத்தில் சறுக்கின அதே இடங்களில்தான் இவர்களும் வரிசையாகச் சறுக்குகிறார்கள்.

அடிப்பிடிக்காமல் கிளறுங்கள், அழுகின பழத்தைப் போடாதீர்கள் என்கிற மாதிரிப் புத்திமதி இதில் இருக்காது. அடுப்படியில் நாலு நாள் நின்றவர்களுக்கு அது தெரியும். தெரிந்தவர்களே தவறவிடுவதை மட்டும் சொல்கிறேன்.

பழம் வேறு, கணக்கு வேறு

மார்மலேட் குறிப்புகளில் பாதிக்கு மேல் செவில் ஆரஞ்சுக்காக எழுதப்பட்டவை. தெற்கு ஸ்பெயினில் விளையும் அந்தப் பழம் ஜனவரி, பிப்ரவரியில் பிரிட்டன் கடைகளுக்கு வரும். உரித்துத் தின்ன ஆகாது. அவ்வளவு கசப்பு, அவ்வளவு புளிப்பு. உள்ளே விதை நிறைய, தோலும் தடிமன். அதனால்தான் கிலோ பழத்துக்கு இரண்டு கிலோ சர்க்கரை என்கிற கணக்கு அதற்கு ஒத்துவருகிறது. நம் கமலாவின் தோல் மெல்லிசு, சுளையோ ஏற்கெனவே இனிப்பு. சாத்துக்குடியில் புளிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதே கணக்கை இவற்றுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாத இனிப்பாகத்தான் வரும். உறையவும் உறையாது. பாகை உறையவைப்பது பழத்திலேயே இருக்கும் பெக்டின் என்கிற பொருள். அது உறைய வேண்டுமானால் சர்க்கரையோடு புளிப்பும் வேண்டும்.

நான் கமலா அரை கிலோ, மஞ்சள் திரும்பின நார்த்தங்காய் அரை கிலோ, கூடவே மூன்று எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்கிறேன். ஊறுகாய்க்கு வாங்கும் பச்சைக் காய் இதற்கு வேண்டாம். தண்ணீர் இரண்டரை லிட்டர், சர்க்கரை ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. கசப்பும் உறைவும் நார்த்தங்காய் பார்த்துக்கொள்ளும், மணத்துக்குக் கமலா இருக்கிறது.

வெள்ளைச் சதையையும் விதையையும் குப்பையில் போடுவது

பெக்டின் இருப்பதே அங்கேதான். தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளையையும் விதைகளையும் பழைய வேட்டித் துணியில் தளர்வாக முடிந்து, நறுக்கின தோலோடு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் துணியைத் தொட்டாலே விரல் வழுக்கும். அந்த வழுவழுப்புதான் பிறகு புட்டியில் உறைந்து நிற்கப் போவது. கசப்புக்குப் பயந்து மூன்று தண்ணீர் மாற்றிக் கொட்டுகிறவர்கள் அதையும் சேர்த்துத்தான் தொட்டியில் கொட்டுகிறார்கள். கசப்பே ஆகாது என்றால் ஜாம் செய்துகொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

தோல் வேகும் முன்னே சர்க்கரை

இதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது. மற்ற தவறுகளில் சுவை கொஞ்சம் கெடும், நிறம் மாறும், அவ்வளவுதான். இதில் பழம், சர்க்கரை, கேஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்ந்து போகும். திருத்தவும் வழி கிடையாது.

எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்குத் தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு கூடை கமலா கொடுத்தனுப்பியிருந்தார்கள். காபிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் மரத்துப் பழம். தோல் அங்கங்கே பச்சையாக, பார்க்கச் சுமாராக இருக்கும். கீறினால் கூடமே மணக்கும். அதை வைத்து மார்மலேட் கிண்டியவள் சாயங்காலம் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ரெண்டு மணி நேரமாக் கொதிக்குதுங்க. பாகு கறுத்துப் போச்சு, தோல் மட்டும் வெறப்பா அப்படியே நிக்குது."

"சர்க்கரை எப்பப் போட்டே கண்ணு?"

"மொதல்லயேதான். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க விடுங்கன்னு வீடியோல சொன்னாங்களே."

மேலே போய்ப் பார்த்தேன். சட்டி நிறையக் காபி நிறத்தில் பாகு. ஒரு கீற்றுத் தோலை எடுத்துக் கடித்தால் பல்லுக்கு நடுவில் நழுவுகிறதே தவிர அறுபடவில்லை. கொஞ்ச நேரம் மென்று பார்த்துவிட்டுக் கையில் துப்பினேன். இன்னும் அரை மணி நேரம் வைத்தால் வெந்துவிடுமா என்று கேட்டாள். அரை நாள் வைத்தாலும் வேகாது.

காரணம் எளிது. தோலின் திசுக்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். வெறும் தண்ணீரில், பழத்தின் புளிப்போடு வேகும்போது அந்தப் பிடிப்பு மெல்ல விட்டுக் கரைந்து தண்ணீரில் இறங்கும், தோல் மிருதுவாகும். சர்க்கரை உள்ளே வந்ததும் கதை தலைகீழ். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தோலுக்குள் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சும். தோல் சுருங்கி இறுகும், இருக்கிற பெக்டின் தோலுக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். ஆகக் கெடுதல் இரண்டு: தோல் வேகவில்லை, பாகு உறையத் தேவையானதும் வெளியே வரவில்லை. உறையவில்லையே என்று மேலும் காய்ச்சுவோம். காய்ச்சக் காய்ச்சச் சர்க்கரை கருகி, ஆரஞ்சு மணம் போய்க் காரமெல் வாசனைதான் மிஞ்சும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுங்கள் என்று சொல்கிற வீடியோக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், கடைசியில் புட்டியைக் காட்டுவார்களே தவிர ஒரு துண்டு தோலை எடுத்து மென்று காட்ட மாட்டார்கள். புட்டிக்குள் இருக்கும்வரை வெந்த தோலும் வேகாத தோலும் ஒரே மாதிரிதான் மின்னும்.

சரியான முறை: ஊறின தோல், அது ஊறின தண்ணீர், துணி முடிச்சு, எலுமிச்சைச் சாறு இவை மட்டும் முதலில் அடுப்பில் ஏற வேண்டும். சிறு தீயில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். தண்ணீர் கிட்டத்தட்டப் பாதியாக வற்றும். கடிகாரத்தை நம்பாதீர்கள். ஒரு கீற்றை எடுத்து ஆறவிட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். எதிர்ப்பே இல்லாமல் விழுதாக மசிய வேண்டும். "கொஞ்சம் கடிபடுகிற மாதிரி இருந்தால் நல்லதுதானே" என்று இந்த இடத்தில்தான் பலரும் இறக்கிவிடுகிறார்கள். கூடாது. சர்க்கரை பட்டதும் தோல் எப்படியும் ஒரு பிடி இறுகும். சாப்பிட எப்படி வேண்டுமோ அதைவிட ஒருபடி அதிகம் வெந்திருந்தால்தான் கடைசியில் சரியாக வரும்.

அவசரக்காரர்களுக்குக் குக்கர் இருக்கிறது. ஆனால் நறுக்கின தோலைப் போடாதீர்கள். மெல்லிய கீற்று ஏதாவது ஒன்று மேலே போய் வெயிட் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். பழத்தை முழுசாகவே, குக்கரில் பாதிக்கு மேல் போகாமல், தண்ணீர் விட்டு வேகவிடுங்கள். விசில் வந்தபின் தீயைக் குறைத்து இருபது நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். பிறகு பழத்தைக் கீறிச் சதையையும் விதையையும் வழித்துத் துணியில் கட்டி அதே தண்ணீரில் கொதிக்கவிட்டு, தோலை நிதானமாக நறுக்கிக்கொள்ளலாம். வெந்த தோல் கத்திக்கு இலகுவாகவும் இருக்கும்.

துணி முடிச்சை ஆறவிட்டுக் கையால் நன்றாகப் பிழியுங்கள். கஞ்சி மாதிரி கொழகொழவென்று இறங்கும். அதையும் சட்டியிலேயே விடுங்கள். இதற்குப் பிறகுதான் சர்க்கரை. முழுக்கக் கரையும்வரை தீ குறைவாக இருக்கட்டும். கரைந்ததும் முழுத் தீ. இங்கிருந்து வேலை மளமளவென்று முடிந்துவிடும். பெரும்பாலும் இருபது நிமிடம் போதும்.

மாடி வீட்டுச் சட்டியில் இருந்ததை என்ன செய்தோம் என்றால், பாகைக் கொஞ்சம் வெந்நீர் விட்டு இளக்கி வடிகட்டி சர்பத்துக்கு வைத்துக்கொண்டாள். தோலைப் பொடிப்பொடியாக நறுக்கி கிறிஸ்துமஸ் கேக்கில் போட்டாள். கேக் நன்றாகவே இருந்தது. அந்தப் பழத்துக்கு அது போதாது.

அல்வாப் பதம் பார்ப்பது

நம் கைக்குப் பழக்கம், சுருண்டு வரும்வரை கிளறுவது. மார்மலேட் சட்டியில் இருக்கும்போது நீர்க்கத்தான் இருக்கும், ஆறினால்தான் உறையும். சட்டியிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் மறுநாள் புட்டியில் கரண்டி இறங்காது.

ஃப்ரீசரில் இரண்டு மூன்று சின்னத் தட்டுகளை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே ஏடு சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம். தட்டைப் பார்க்கிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். நாம் தட்டை வைத்து யோசித்துக்கொண்டிருக்கும்போது சட்டி பதம் தாண்டிவிடும்.

மலையில் 105 டிகிரி

தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது. குறிப்புகளில் வரும் 104, 105 டிகிரி செல்சியஸ் என்பது கடல்மட்டக் கணக்கு. மேலே போகப் போகத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. என் நாத்தனார் இருக்கும் குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். அங்கே தண்ணீரே 94 டிகிரியில் கொதித்துவிடும். மார்மலேட் பதம் 98, 99-லேயே வந்துவிடும். அவர் 105 வரட்டும் என்று காத்திருந்தார். அந்தச் சூட்டுக்கு அங்கே அதிரசத்துக்கு எடுக்கும் உருட்டுப் பதத்தை நெருங்கிவிடும். "அண்ணி, புட்டியை ஒடைச்சாத்தான் வெளியே வரும் போல" என்றார். கடைசியில் ஒன்றை உடைக்கத்தான் உடைத்தார்.

எந்த ஊரானாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நாலரை டிகிரி கூட்டினால் உங்கள் ஊர்ப் பதம். கொடைக்கானல், ஊட்டிக்காரர்கள் இதை அடுப்புக்கு மேல் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

இரும்பு வாணலி, ஈயம் பூசாத பித்தளை

வேண்டவே வேண்டாம்.

சோளமாவு, கடல்பாசி

போட்டால் கெட்டியாகும். மார்மலேட் ஆகாது.

சட்டியை நிரப்புவது

சர்க்கரை போட்டபின் பொங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் அடுப்பைச் சுரண்டத் தயாராக இருங்கள். அகலமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது. ஆவி சீக்கிரம் போகும், நிறமும் கருக்காது.

உடனே புட்டியில் ஊற்றுவது

இறக்கின கையோடு ஊற்றினால் தோல் முழுக்க மேலே மிதக்கும். கீழ்ப்பாதி வெறும் பாகு. பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருக்கவிட்டு, ஒருமுறை மெதுவாகக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள். அதற்குள் பாகு கொஞ்சம் கனத்து, தோலைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நன்றாகச் சூடாக இருக்கும்போதே, சூடான புட்டியில் ஊற்றி உடனே மூடிவிட வேண்டும்.

ஊற்றியபின் சாய்த்துச் சாய்த்துப் பார்க்காதீர்கள். நார்த்தங்காய் சேர்த்தது உறைய ஒரு நாள் போதும், கமலா அதிகமானால் இரண்டு நாள்கூட எடுக்கும். மூன்றாம் நாளும் தண்ணீராகவே இருந்தால் திரும்பச் சட்டியில் கொட்டி, ஒரு எலுமிச்சை பிழிந்து, தட்டுப் பரிசோதனை தேறும்வரை கொதிக்க விடுங்கள். தோல் மட்டும் வெந்திருந்தால் இது சுலபமாகச் சரியாகிவிடும்.