மொறிஸ் மைனர் ரப்பெற்: தகடு சொல்லும் 12, உண்மையான 12

யாழ்ப்பாணத்துக் கராச்களில் ரப்பெற் இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் றொக்கர் என்ற கைக்கும் இடையே விடும் சிறு வெளியை, காதாலேயே பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990களில் பெற்றோல் வராத காலத்தில், சில சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கார்களை உயிரோடு வைத்திருந்த தலைமுறை அது. அந்தக் காதுகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காது பரம்பரைச் சொத்தாக வருவதில்லை. நாம் அளந்துதான் பழகவேண்டும்.

இங்கே எழுதுவது 948 சிசி அல்லது 1098 சிசி இயந்திரம் உள்ள மொறிஸ் மைனர் 1000 காருக்கு. உள்ளிழுக்கும் வால்வுக்கும் புகை வால்வுக்கும் ஒரே இடைவெளிதான்: 0.012 அங்குலம், இயந்திரம் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது. அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, சுருக்கமாக 12. அளப்பது பீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டால். மில்லிமீற்றர் தகடுதான் கையில் இருக்கிறது என்றால் 0.30 போதும். முதல் நாள் மாலை நிறுத்திய காரை மறுநாள் காலையில் திறப்பதே நல்லது. நம் ஊர் வெயிலில் மதியம் நின்ற காரைக் குளிர்ந்தது என்று எண்ணவேண்டாம்.

பொனற்றைத் திறந்து, மேல்மூடியின் இரண்டு நட்டுகளையும் கழற்றுங்கள். மூடியோடு வரும் கோர்க் கஸ்கெற் கிழிந்தால் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பழையதைப் பசை தடவி ஒட்டவைக்கும் வேலை வேண்டாம், எண்ணெய் கசியும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றிவிட்டால் இயந்திரம் இலகுவாகச் சுற்றும். முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றலாம், அல்லது நாலாவது கியரில் போட்டுக் காரை மெல்ல முன்னே தள்ளலாம்.

அடுத்தது ஒன்பது கணக்கு. ரேடியேற்றர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எந்த வால்வு முழுதாகத் திறந்து, ஸ்பிரிங் ஆக அமுங்கி நிற்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வருகிற எண்தான் நீங்கள் அளக்கவேண்டிய வால்வு. 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3, 4 என்றால் 5, 7 என்றால் 2. பிறகு 1 திறக்கும்போது 8, 3க்கு 6, 5க்கு 4, 2க்கு 7. இந்த வரிசையிலேயே போனால் இரண்டு சுற்றில் எட்டும் முடிந்துவிடும். ஜோடியில் ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றதன் கேம் (வால்வைத் திறக்கவைக்கும் மேடுள்ள சக்கரம்) மேடில்லாத வட்டப் பகுதியில் இருக்கும். அதனால்தான் இது பொருந்துகிறது.

இனி றொக்கரின் மறுமுனையில் திருகாணியைப் பூட்டியிருக்கும் நட்டைத் தளர்த்தி, திருப்புளியால் திருகாணியைப் பிடித்துக்கொண்டு, றொக்கரின் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே தகட்டைச் செருகுங்கள். தகடு இலேசாக இழுபட வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி அளந்துபாருங்கள், இறுக்கும்போது திருகாணியும் சேர்ந்து சற்றே திரும்பிவிடும். நான் இழுவையை நம்புவதை விட்டுவிட்டேன்: 12 நுழைய வேண்டும், 13 நுழையக் கூடாது. இரண்டு தகடும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. நட்டுக்கு அரை அங்குல ஸ்பனர், அதுவும் ரிங் ஸ்பனர். திறந்த வாய் ஸ்பனர் நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும்.

பலரும் இங்கேயே மூடியைப் போட்டுவிடுவார்கள். எட்டு வால்வும் 12 காட்டுகின்றன, கிளப்பினால் இன்னும் டிக் டிக் என்று சத்தம். என்னை நீண்ட நாள் அலைக்கழித்த புதிர் இதுதான். காரணம் றொக்கரின் நுனியில் இருக்கிறது. வருடக்கணக்கில் வால்வுத் தண்டு அடித்த இடத்தில் சிறு குழி விழுந்திருக்கும். தண்டு மெல்லியது, குழிக்குள் புகும். தகடு அதைவிட அகலம். குழியின் இரு கரைகளிலும் பாலம் போல நிற்கும். தகடு காட்டும் 12க்கு மேல் குழியின் ஆழமும் சேரும். குழி ஐந்து என்றால் உண்மை 17. றொக்கரின் அடியில் விரல் நகத்தை ஓடவிட்டுப் பாருங்கள், விளிம்பு தட்டுப்படும்.

மலிவான வழி, பழைய தகடு ஒன்றைத் தண்டைவிடக் குறுகலாக, ஐந்து மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டிக்கொள்வது. வெட்டிய ஓரத்தின் பிசிறை அரத்தால் நீக்காவிட்டால் அளவு பிழைக்கும்.

என் விருப்பம் டயல் கேஜ், அதாவது ஊசி முனை அசைந்த தூரத்தை முள்ளால் காட்டும் மானி. இந்த இயந்திரத்தின் தலைப்பகுதி வார்ப்பிரும்பு. கேஜைத் தாங்கும் காந்த அடி அதில் பிடித்துக்கொள்ளும். கேஜின் ஊசி முனையை றொக்கர் நுனியின் மேல், வால்வுத் தண்டு போகும் திசையிலேயே நேராக வையுங்கள். சாய்ந்திருந்தால் முள் கூடுதலாகக் காட்டும். விரலால் நுனியை அழுத்தித் தண்டில் தொடவைத்து முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்துங்கள். பிறகு திருகாணிப் பக்கத்தை அழுத்துங்கள், நுனி எழும்பும். அந்த அசைவுதான் குழியையும் சேர்த்த உண்மையான இடைவெளி. சிறு கோடு ஒன்று 0.01 மில்லிமீற்றர் என்றால் 30 கோடு வரவேண்டும். விரல் பலமே போதும், ஸ்பிரிங்கை அமுக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன் றொக்கர் தான் சுழலும் அச்சுத் தண்டில் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் அந்த ஆட்டத்தையும் கேஜ் சேர்த்தே சொல்லும். அப்போது முதலில் செய்யவேண்டியது றொக்கருக்குள் இருக்கும் தேய்ந்த புஷ் என்ற உள்வளையத்தை மாற்றுவது.

சத்தத்தைக் கொல்வதற்காக இடைவெளியைக் குறைக்கவேண்டாம். புகை வால்வு முழுதாக மூடாமல் போனால் அதன் சூடு வால்வு அமரும் இருக்கைக்கு இறங்காது, வால்வு எரிந்துவிடும். கொஞ்சம் சத்தம் போடும் ரப்பெற் எவ்வளவோ மேல்.

பின்னர் சேர்த்தது: ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55, ஏ60 வைத்திருப்பவர்கள் இதே 12 பொருந்துமா என்று கேட்கிறார்கள். பொருந்தாது, அவற்றுக்கு 0.015 அங்குலம். சூடான இயந்திரத்திலா குளிர்ந்ததிலா என்பதை உங்கள் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது கணக்கு மட்டும் அப்படியே செல்லும்.