வகுப்பறையில் இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தும் முறை

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-இல் சேர்க்கப்பட்டது. பின்னர் முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்து மொழிபெயர்க்கும் நரம்பியல் வலையமைப்பு முறை வந்ததும் அதன் வாக்கியங்கள் சரளமாகிவிட்டன, மாணவரை ஏமாற்றுவதும் அந்தச் சரளமே. ஆகவே கருவியைத் திறக்கும் முன், ஆங்கிலப் பத்தியை மாணவர்கள் தாமே ஒருமுறை மொழிபெயர்த்துக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகே தம் மொழிபெயர்ப்பையும் கருவி தந்ததையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, கருவியின் பிழைகளைத் திருத்தச் சொல்லுங்கள்.

இயற்பியல் பாடமாயின், பாடநூலின் கலைச்சொற்களை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவைப்பது நல்லது: ஃபோர்ஸ் என்றால் விசை, எனர்ஜி என்றால் ஆற்றல், பவர் என்றால் திறன். 'பவர்' என்பதற்குக் கருவி சக்தி என்றோ, சூழல் தெரியாத துண்டு வாக்கியமாக இருந்தால் அதிகாரம் என்றோ தந்துவிடக்கூடும்; தேர்வுத்தாளில் அது செல்லாது.

மொழிப்பாடத்தில் எனக்கு மிகவும் பயன்படுவது 'வீ' என்ற ஆங்கிலச் சொல். ஆசிரியரிடம் மாணவர்கள், "நாங்கள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டோம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் கருவி 'நாம்' என்று போட்டால், ஆசிரியரும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியதாகிவிடும். வகுப்பு சிரித்து முடித்ததும், கேட்பவரை உள்ளடக்கும் 'நாம்', விலக்கும் 'நாங்கள்' என்ற வேறுபாட்டை அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். அடுத்து, மரபுத்தொடரைக் கருவி எப்படிக் கையாள்கிறது என்று அறிய, 'காதில் பூச்சுற்றுகிறான்' என்பதை ஆங்கிலத்திற்கும், வந்ததை மீண்டும் தமிழுக்கும் மாற்றிப் பார்க்கட்டும்.

மாணவர் பெயர், மதிப்பெண் போன்றவற்றைக் கருவியில் உள்ளிடக் கூடாது. மதிப்பெண்ணை மொழிபெயர்ப்புக்கு வழங்காமல், மாணவர் செய்த ஒவ்வொரு திருத்தத்திற்கும் ஓரத்தில் எழுதிய காரணத்திற்கு வழங்குங்கள்.