பைசாந்திய முத்திரையில் பட்டத்தையும் பதவியையும் பிரித்தறிவது எப்படி?

பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசின் அதிகாரி ஒருவரின் ஈய முத்திரையைப் படிக்கும்போது, ‘ஆண்டவரே, உம் அடியானுக்கு உதவும்’ என்பது போன்ற வேண்டுதலைக் கடந்து, பெயரை அடுத்துவரும் சொற்களைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் முதலில் வருவது பட்டம், பின்னர் வருவது பதவி. ‘புரோட்டோஸ்பதாரியோஸ்’ என்பது அரசவையில் அவருக்குரிய வரிசையைக் காட்டும் பட்டம். மணிகள் பதித்த பொற்கழுத்தணியே அதன் அடையாளம். ‘ஸ்ட்ராட்டெகோஸ்’ என்பதோ, ஒரு மாகாணத்தையும் அதன் படையையும் ஆளும் பதவி. பட்டம் பொதுவாக ஆயுள் முழுவதும் நிலைக்கும். பதவி பேரரசர் விரும்பும் வரைதான். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

பட்டங்களின் ஏற்றத்தாழ்வை அறிய, அரண்மனை விருந்துகளில் யாரை எங்கே அமர்த்துவது என்பதற்காக அரண்மனை அதிகாரி பிலோதெயோஸ் 899இல் தொகுத்த கையேடு உதவும். (பந்தியில் இடம் மாறினால் வரும் மனத்தாங்கல் அங்கும் இருந்திருக்கும் போலும்!) அதில் ‘மாகிஸ்ட்ரோஸ்’ என்ற பட்டம் பெற்றவர், ‘பத்ரிகியோஸ்’ என்ற பட்டம் பெற்றவருக்கு மேலே நிற்கிறார், பத்ரிகியோஸ், புரோட்டோஸ்பதாரியோஸுக்கு மேலே.

ஆனால், முத்திரையின் காலத்தைக் கணிக்காமல் இந்த வரிசையைப் பொருத்தக் கூடாது. 1081இல் அரியணை ஏறிய முதலாம் அலெக்சியோஸ், தம் அண்ணன் ஐசக்குக்காக ‘செபாஸ்டோக்ராட்டோர்’ என்ற புதுப் பட்டத்தை உருவாக்கியதால், அதுவரை பேரரசருக்கு அடுத்த நிலையில் இருந்த ‘கைசர்’ ஒரு படி கீழே இறங்கியது.