கான்ஜாயின்ட் ஆய்வு: மென்பொருளைத் தேடும் முன் கேள்வியை முடிவு செய்யுங்கள்

ஹெட்போன் வாங்க வருபவரிடம் "விலை முக்கியமா, பேட்டரி முக்கியமா?" என்று நேரே கேட்டால் "ரெண்டும்தான்" என்பார். கான்ஜாயின்ட் ஆய்வில் அப்படிக் கேட்பதில்லை. பண்புகளைச் சேர்த்து முழுப் பொருளாகவே காட்டுகிறோம். வரும் பதிலிலிருந்து ஒவ்வொரு பண்புக்கும் உள்ள மதிப்பைக் கணக்கிட்டு எடுக்கிறோம்.

படி 1: பதில் எந்த வடிவில் வரும்?

ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்பெண் போடச் சொன்னால், சாதாரண ரெக்ரஷனே (ஒவ்வொரு பண்பும் மதிப்பெண்ணை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று கணக்கிடும் முறை) போதும். மூன்றைக் காட்டி "எதை வாங்குவீர்கள்?" என்று கேட்டால் லாஜிட் மாடல் (ஒவ்வொரு பொருளும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பைக் கணக்கிடும் முறை) வேண்டும். கடையில் யாரும் மதிப்பெண் போடுவதில்லை, ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் என் ஓட்டு இரண்டாவதற்கே.

படி 2: கருவி

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் கான்ஜாயின்ட் கட்டளை மதிப்பெண், தரவரிசைப் பதில்களுக்கு மட்டும்தான். அதற்கு மெனுவும் கிடையாது, சின்டாக்ஸ், அதாவது கட்டளை வரிகளை, நாமே எழுத வேண்டும். சாடூத் மென்பொருளில் கேள்வித்தாள் முதல் கணக்கீடு வரை ஒரே இடத்தில் முடியும். ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். கற்றுக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது 'ஆர்' என்ற புள்ளியியல் நிரல்மொழி. இலவசம். மதிப்பெண் முறைக்கு அதன் 'கான்ஜாயின்ட்' பேக்கேஜ் (கூடுதலாக நிறுவும் தொகுப்பு). ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறைக்குக் கேள்விகளை வடிவமைக்க 'சிபிசிடூல்ஸ்', கணக்கிட 'லாஜிட்ஆர்'.

படி 3: பண்புகளும் நிலைகளும்

நம் ஹெட்போனுக்கு விலையில் 3 நிலை (மூன்று வெவ்வேறு விலைகள்), பேட்டரியில் 3, இரைச்சல் தடுப்பு உண்டு/இல்லை என 2. மொத்தம் 18 சேர்க்கைகள். பண்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் பதில் சொல்பவர் களைத்துப்போவார்.

படி 4: டேட்டாவை நீளவாக்கில் மாற்றுங்கள்

புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான். சர்வேயிலிருந்து ஆளுக்கு ஒரு வரிசையாக டேட்டா வரும். மாடலுக்கோ, காட்டிய ஒவ்வொரு பொருளும் தனி வரிசையாக வேண்டும்: தேர்ந்தெடுத்ததற்கு 1, மற்ற இரண்டுக்கும் 0. 100 பேர், ஆளுக்கு 10 கேள்வி, கேள்விக்கு 3 பொருள் என்றால் 3000 வரிசைகள். எந்த வரிசைகள் ஒரே கேள்வியைச் சேர்ந்தவை என்று காட்ட ஓர் எண்ணும் தனிப் பத்தியில் இருக்க வேண்டும்.

படி 5: சர்வேக்கு முன் ஒத்திகை

இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பண்புகளுக்கு நீங்களே மதிப்பு கொடுத்து, கணினியை விட்டுப் பொய்ப் பதில்களை உருவாக்கி, மாடலை ஓட்டுங்கள். கொடுத்த மதிப்புகள் ஏறக்குறைய திரும்பி வர வேண்டும். பிழை அளவு (மதிப்பு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்று மாடல் காட்டும் எண்) பெரிதாக இருந்தால் ஆட்களையோ கேள்விகளையோ கூட்டுங்கள். சர்வே முடிந்தபின் அதற்கு வழியில்லை.

அப்புறம், உண்மையான பதில்கள் வந்ததும் முதலில் விலையைப் பாருங்கள். விலை ஏற ஏற விருப்பமும் ஏறுவதாகக் காட்டினால், நிலைகளின் எண்கள் தலைகீழாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.