பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய ஸ்டீரியோவும் வழிகாட்டித் திரையும்: குமரி மாவட்டத்துக்கான செய்முறை

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் காரை நன்றாகப் பராமரித்திருந்தால், எஞ்சினும் சஸ்பென்ஷனும் இன்றும் குறை சொல்ல முடியாதபடி இருக்கும். காலம் கடந்துபோனது டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் செட் மட்டுமே. டிவிடி தட்டிலிருந்து வரைபடம் படித்த அந்நாளைய வழிகாட்டிகளில் பலவற்றில் இந்திய வரைபடமே கிடையாது. இந்திய வரைபடம் இருந்தால்கூட, 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் வருவதற்கு முந்திய நிலையையே அவை காட்டும்: களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வழியாக வரும் 66 அவற்றில் 47 ஆகவும், காவல்கிணறு வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் 44 அவற்றில் 7 ஆகவும் இருக்கும். மார்த்தாண்டம் மேம்பாலமும் பார்வதிபுரம் மேம்பாலமும் இருக்கவே இருக்காது. போதாக்குறைக்கு, ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் வார எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்குவதால், 2019 ஏப்ரல் 6-க்குப் பிறகு சில பழைய செட்களில் தேதி ஏறக்குறைய இருபது ஆண்டு பின்னோக்கிப் போய்விட்டது. இவற்றைச் சரிசெய்ய முயல்வதைவிட மாற்றிவிடுவதே மேல்.

ஆனால் எந்த செட் வாங்குவது என்பது நம் மாவட்டத்தில் இரண்டாவது கேள்விதான். கடற்காற்றின் உப்பும், தென்மேற்கு வடகிழக்கு என இரு பருவமழைகளின் ஈரமும் சேர்ந்த ஊரில், செட் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அதன் பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கு தீர்மானிப்பதில்லை. இணைப்புகளும் எர்த்தும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒதுக்கும் தொகையில் கணிசமான பங்கை காரின் வயரிங்கோடு செட்டைச் சேர்க்கும் ஹார்னஸ் (கம்பிக் கொத்து), கப்ளர் (செருகு இணைப்பு), ஆன்டெனா அடாப்டர் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். காரின் மூல வயரிங்கை ஓரிடத்தில்கூட வெட்டாமல் வேலையை முடிக்க வேண்டும் என்பதையும் கடையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கும் நாளில், வெட்டப்படாத வயரிங்குக்குத் தனி மதிப்பு உண்டு.

முதலில் காரில் இப்போது என்ன இருக்கிறது என்று அறிய வேண்டும். செட்டின் முகப்பு ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் என்றால் அது ஒற்றை டின் (கார் செட்களுக்கான பொது அளவு). உயரம் 100 என்றால் இரட்டை டின். அடுத்து, ஒலி எந்த வழியாகப் பயணிக்கிறது என்று பார்க்க வேண்டும். போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டரை எடுத்துக்கொண்டால், 2003-க்கு முந்திய கார்களில் பெரும்பாலும் சாதாரணச் செப்புக் கம்பிதான். அதற்குப் பிந்தியவற்றில் மோஸ்ட் எனப்படும் ஒளியிழை வளையம் இருக்கிறது. செட், ஆம்ப்ளிஃபயர், சிடி சேஞ்சர் (பல சிடிகளை மாற்றி மாற்றிப் போடும் பெட்டி) ஆகியவை இந்த வளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால், ஒன்றைக் கழற்றினாலே முழு வளையமும் ஓய்ந்துவிடும். சேஞ்சரை மட்டும் நீக்கினால், அந்த இடத்தில் ஒரு சிறு வளைய இணைப்பைச் செருகிச் சமாளிக்கலாம். செட்டையே நீக்கும்போது அது போதாது, ஏனெனில் வளையத்துக்குத் தலைமை தாங்குவதே செட்தான். ஆம்ப்ளிஃபயரை எழுப்ப ஆள் இருக்காது. அப்போது இருக்கும் வழிகள் இரண்டு: புது செட்டின் ஒலியை மோஸ்ட் மொழிக்கு மாற்றித் தரும் இடைப்பெட்டி ஒன்றை வைப்பது, அல்லது கம்பெனி ஆம்ப்ளிஃபயரைக் கைவிட்டு, ஸ்பீக்கர்கள் வரை புதுக் கம்பி இழுப்பது. முன்னது செலவு கூடியது. ஆனாலும் காரைப் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். ஒளியிழையின் முனையை விரலால் தொடக்கூடாது. 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கவும் கூடாது.

செட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, அலைபேசியின் செயலிகளைத் திரையில் காட்டும் ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் இருக்கின்றனவா என்று எல்லோரும் பார்ப்பார்கள். வானொலியை யாரும் பார்ப்பதில்லை. ஜப்பானிலிருந்து வந்த பழைய செட்களின் பண்பலை 76 முதல் 90 மெகா ஹெர்ட்ஸ் வரை மட்டுமே எடுக்கும். நாகர்கோவில் வானொலி 101-இல் இருப்பதால் அது ஒருபோதும் கிடைக்காது. அமெரிக்கச் சந்தைக்கான செட்களோ 101-ஐத் தொடாமல் 100.9, 101.1 எனத் தாண்டித் தாண்டிப் போகும். இவற்றில் பலவற்றின் அமைப்புப் பகுதியில் நாட்டை மாற்றும் வசதி உண்டு; வாங்குமுன் கடையிலேயே மாற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். திறந்த கூரைக் காருக்கென்றால் திரையின் வெளிச்சத்தையும் நண்பகல் வெயிலில் வைத்துச் சோதித்துவிட வேண்டும். ஒலியளவுக்குத் திருகும் குமிழ் உள்ள செட்டே நல்லது. வளைவு மிகுந்த சாலையில் கண்ணாடித் திரையைத் தடவித் தேடுவது ஓட்டுநருக்கு ஆகாத வேலை.

கழற்றும் நாளில் முதல் வேலை, ரேடியோ குறியீட்டு எண் கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்வது. பாட்டரியைத் துண்டித்தபின் பழைய செட் அந்த எண்ணைக் கேட்கும். புதியது பொருந்தாமல் பழையதையே திரும்ப மாட்ட நேர்ந்தால் எண் இல்லாமல் அது ஊமை. பாக்ஸ்டர் போன்ற கார்களில் பாட்டரி முன்பக்க டிக்கிக்குள் இருக்கிறது. 987 எனப்படும் இரண்டாம் தலைமுறை பாக்ஸ்டரில் அந்த டிக்கியின் பூட்டு மின்சாரத்தால் திறப்பது. பாட்டரியைத் துண்டித்துவிட்டு மூடியை அழுத்திவிட்டால், ஃபியூஸ் பெட்டியில் உள்ள அவசர முனைக்கு வேறொரு பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால்தான் மறுபடி திறக்கும். எனவே வேலை முடியும்வரை மூடி மூடாதபடி பூட்டின் வாயில் ஒரு துணியைச் சுருட்டி வைப்பது நலம். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, ஏர்பேக்கில் தேங்கிய மின்னேற்றம் வடியச் சில நிமிடம் காத்திருந்து, அதன்பின்னரே பேனல்களில் கை வைக்க வேண்டும். வயதான பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் உலர்ந்து எளிதில் ஒடியும் நிலையில் இருக்கும். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் நைலான் நெம்புகருவியைப் பயன்படுத்த வேண்டும்.

இணைக்கும்போது, வெளிச் சந்தை செட்களின் கம்பி நிறங்கள் பெரும்பாலும் ஒரே மரபைப் பின்பற்றுகின்றன: மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த், வெள்ளைக் கோடிட்ட நீலம் ஆம்ப்ளிஃபயரை எழுப்புவது, ஆரஞ்சு விளக்குக்கு. ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு உள்ளது நெகட்டிவ். ஆனால் காரின் பக்கத்தில் இந்த மரபை நம்பக்கூடாது. சில ஐரோப்பியக் கார்களில் நிலையான மின்சாரமும் சாவி மின்சாரமும் இடம் மாறி இருப்பதால், ஒவ்வொரு முறை காரை நிறுத்தும்போதும் செட் தன் நினைவை இழக்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கைப்பிரேக்குக்கான வெளிர்பச்சைக் கம்பியை நேரே எர்த்தில் கட்டிவிடுவது கடைகளில் வழக்கம். அது ஓடும் காரில் வீடியோ தெரியாமல் தடுப்பதற்கானது. முறைப்படி பிரேக் சுவிட்சில்தான் சேர்க்க வேண்டும்.

கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும். முட்டம், குளச்சல் பகுதிகளின் காற்றில் உள்ளே இருக்கும் செம்பு விரைவில் பச்சை பூக்கும். சரியான கருவியால் கிரிம்ப் செய்து (இணைப்பு முனையைக் கம்பியோடு அழுத்திப் பிடிக்கவைத்து), பசை உள்ள வெப்பச் சுருக்க ஸ்லீவ் போட வேண்டும். எர்த் கம்பிக்கு உடலின் வெறும் உலோகம் தெரியும்வரை எமரித் தாளால் பெயின்டைச் சுரண்டி, லக் (துளையுள்ள உலோக முனை) வைத்து போல்ட்டால் இறுக்கி, மேலே வாஸ்லின் அல்லது கிரீஸ் தடவினால் உப்பு உள்ளே இறங்காது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த உயரும் கீச்சொலி பெரும்பாலும் எர்த் குறையால் வருவது. செட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே புள்ளியில் எர்த் செய்து, ஒலிக் கம்பியையும் மின் கம்பியையும் காரின் இரு பக்கமாகக் கொண்டுபோனால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆம்ப்ளிஃபயர் சேர்ப்பவர்கள் ஃபியூஸைக் கணக்கிட்டே போட வேண்டும். நான்கு சானலுக்கும் 50 வாட் வீதம் 200 வாட் தரும் சாதாரண ஏபி வகை ஆம்ப்ளிஃபயர், ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும். ஆக 400 வாட், 13.8 வோல்ட்டில் சுமார் 29 ஆம்பியர். அதற்கு 30 ஆம்பியர் ஃபியூஸும் எட்டு கேஜ் தடிமனுள்ள செப்புக் கம்பியும் போதும். ஃபியூஸ் பாட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது காப்பது செட்டை அல்ல, கம்பியை. ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்கக் கூடாது. கூரை மடங்கும் கார்களில் மழைநீர் வடியும் துளைகள் அடைபட்டால் தண்ணீர் சீட்டுக்கு அடியில்தான் தேங்கும். பாக்ஸ்டரில், சரியான சாவி இல்லாமல் எஞ்சின் இயங்காதபடி தடுக்கும் இம்மொபிலைசர் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. செட் மாற்றும் சாக்கில் அந்தத் துளைகளையும் சுத்தம் செய்துவிடலாம். கம்பெனி ஸ்பீக்கர்களை வைத்துக்கொள்வதானால் அவற்றின் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். 4 ஓமுக்கென வடிவமைத்த செட்டில் 2 ஓம் ஸ்பீக்கரை நேரே மாட்டினால் செட் சூடேறி அணையும்.

பழைய கார்களின் கண்ணாடிக்குள் பதித்த ஆன்டெனாவில் சிறு பூஸ்டர் இருக்கும். அதற்கு 12 வோல்ட் அனுப்பும் அடாப்டர் இல்லாவிட்டால் நாகர்கோவில் நகரிலேயே வானொலி இரையும். ஜிபிஎஸ் ஆன்டெனாவை டேஷ்போர்டின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, மேலே உலோகம் இல்லாத இடத்தில், முகம் வானை நோக்கி இருக்கும்படி ஒட்ட வேண்டும். கீரிப்பாறை, மாறாமலை, கோதையாறு பக்கம் போகிறவர்கள், சிக்னல் இருக்கும்போதே மாவட்ட வரைபடத்தை அலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்வது அவசியம். அங்கே ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடம்தான் வராது.

எல்லாவற்றையும் பூட்டுமுன் ஒரு சோதனை மிச்சம் இருக்கிறது. காரைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு, நெகட்டிவ் முனையில் மல்டிமீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். 50 என்றாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி; 60 ஆம்பியர் மணி பாட்டரி இருபத்தைந்து நாளில் பாதி காலியாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு இது சிறிய விஷயம் அல்ல. பாட்டரி இணைத்தபின், சட்டமில்லாத கதவுக் கண்ணாடிகள் மறந்துபோன தம் எல்லையை மறுபடி கற்க, ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றி சுவிட்சைச் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும்.

புது செட்டின் பில்லைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, மின்னணுத் துணைப்பொருளாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும்; சேர்க்காவிட்டால் திருட்டு போனாலும் அதற்கு இழப்பீடு கேட்க முடியாது. கழற்றிய பழைய செட், அதன் முகப்பு, கிளிப்புகள், குறியீட்டு எண் எழுதிய அட்டை எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தரையில் அல்லாமல் பரணில் வைக்கவும்.